1956-ஆம் ஆண்டை ஏன் திருப்புமுனை என்கிறார்கள்?

பனிப்போர் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 1956 வந்துவிடுகிறது, அப்படி என்னதான் நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் முதலிடம் எகிப்தின் சூயஸ் கால்வாய் நெருக்கடிக்குத்தான்.

ஜூலை 26 அன்று அலெக்சாந்திரியாவில் எகிப்து அதிபர் நாசர் பேசிக்கொண்டிருந்தார். கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸின் பெயரைப் பேச்சில் திருப்பித் திருப்பிச் சொன்னார். கூட்டத்துக்கு அது வெறும் பெயர். வானொலியைக் கேட்டுக் காத்திருந்த அவருடைய ஆட்களுக்கோ அதுதான் சங்கேதச் சொல். பேச்சு முடிவதற்குள், அதுவரை பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பங்குதாரர்களின் பிடியில் இருந்த கால்வாய் நிறுவனத்தின் அலுவலகங்கள் எகிப்தின் கைக்கு வந்துவிட்டன.

அப்புறம் அக்டோபர் 29-இல் இஸ்ரேல் எகிப்தின் சினாய் தீபகற்பத்துக்குள் நுழைந்தது. சண்டையை விலக்கிவிடப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு பிரிட்டனும் பிரான்சும் இறங்கின. மூவரும் முன்பே பேசி வைத்த நாடகம் அது. அமெரிக்கா பவுண்டின் மதிப்பில் கைவைக்கவும் பிரிட்டன் பணிந்தது. பழைய வல்லரசின் காலம் முடிந்தது அங்கேதான்.

அதே வாரங்களில் ஹங்கேரியில் சோவியத் பிடிக்கு எதிராக மக்கள் எழுச்சி. நவம்பர் 4-இல் சோவியத் டாங்குகள் புடாபெஸ்டுக்குள் புகுந்து அதை நசுக்கின. உலகத்தின் பாதிக் கண் சூயஸில் இருந்தது மாஸ்கோவுக்கு வசதியாகப் போயிற்று.

இலங்கையில் தனிச் சிங்களச் சட்டம் வந்ததும், இந்தியாவில் மொழிவாரி மாநிலங்கள் பிறந்ததும் இதே ஆண்டுதான். அவை தனிக் கேள்விக்கே உரியவை.

இவ்வளவு அமளியிலும் மெல்போர்னில் ஒலிம்பிக் நடந்தது. சூயஸைக் காட்டி எகிப்தும், ஹங்கேரியைக் காட்டி நெதர்லாந்தும் வரவில்லை. நீர்ப்பந்தாட்டத்தில் சோவியத் அணியை ஹங்கேரி 4-0 என்று வென்றது, ஒரு ஹங்கேரி வீரர் கண்ணோரம் ரத்தம் வழிய நீச்சல் குளத்தைவிட்டு ஏறிய ஆட்டம் அது.