பெல் அடிக்காத நேரம்: தீயணைப்பு நிலைய வாழ்க்கை, கேள்வி பதில்

பெருநகரத் தீயணைப்பு நிலையங்களில் 26 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். கேட்டவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தீ இல்லாதப்போ சீட்டு ஆடிட்டு தூங்கிட்டுதான் இருப்பீங்கன்னு என் நண்பன் சொல்றான். உண்மையா சார்?

சீட்டும் உண்டு, தூக்கமும் உண்டு. ஆனால் ஷிப்ட் மாறியதும் முதல் வேலை வண்டிதான். அதில் கருவிகள் வைக்கிற ஒவ்வொரு அறையாகத் திறந்து, எது எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இருட்டில் தேடப்போவது கண் இல்லை, கை.

அடுத்தது பி.ஏ. செட், முதுகில் மாட்டுகிற மூச்சுக்காற்றுக் கருவி. சிலிண்டரில் காற்றழுத்தம் 300 பார் (அழுத்தத்தின் அளவு) காட்டுகிறதா, மாஸ்க் முகத்தோடு ஒட்டுகிறதா, காற்று 55 பார் பக்கம் இறங்கும்போது விசில் ஊதுகிறதா எல்லாம் பார்த்தாக வேண்டும். பார்த்து முடித்ததும் பட்டைகளைக் கடைசி வரை தளர்த்தி வைப்போம். அடுத்து மாட்டப்போகிறவன் பருமனா ஒல்லியா, யார் கண்டது? தளர்ந்த பட்டையை ஒரே இழுப்பில் இறுக்கிக்கொள்ளலாம். இறுகிய பட்டையோடு மல்லுக்கட்ட அவனுக்கு நேரம் இருக்காது. தோழமை தோழமை என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அது இந்தப் பட்டையில்தான் இருக்கிறது.

கேள்வி: கம்பத்துல சறுக்கி இறங்குறது இன்னும் உண்டா அண்ணா?

மாடியிலிருந்து வண்டிக்குச் சட்டென்று இறங்குவதற்கான கம்பம் அது, பழைய நிலையங்கள் சிலவற்றில் உண்டு. 1878-ல் சிகாகோவில், கறுப்பின வீரர்கள் வேலை பார்த்த ஒரு நிலையத்தில், டேவிட் கென்யன் என்ற கேப்டன் தொடங்கியது. முதலில் மற்ற நிலையத்தார் கேலி செய்தார்கள். இவர்கள் வண்டி முந்திப் போக ஆரம்பித்ததும் அவர்களும் கம்பம் நட்டார்கள். கணுக்கால் உடைந்தவர்கள் ஏராளம் என்பதால் புதிய கட்டடங்களில் பெரும்பாலும் வைப்பதில்லை.

கேள்வி: நிஜமாவே எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பீங்களா?

அண்ணன் தம்பி மாதிரியேதான், சண்டை உட்பட! பாத்திரம் கழுவும் முறை யாருடையது, குறட்டை விடுபவன் பக்கத்தில் யார் படுப்பது என்று நாள் முழுக்கப் பஞ்சாயத்து. அடுப்பில் ஏற்றிய சமையல் பாதியில் நிற்கும், பெல் அடிக்கும். திரும்பி வந்து ஆறியதைச் சாப்பிடும்போது சமைத்தவனைத்தான் திட்டுவோம்.

எங்கள் ஷிப்டில் இரண்டு பேர் லீவு மாற்றிக்கொள்வதில் முட்டிக்கொண்டு மூன்று மாதம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மூன்றாவது ஆள் வழியாகத்தான். ஆனால் புகைக்குள் போகுமுன் ஒருவர் மற்றவரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது தோல் தெரிந்தால் அங்கே வெந்துபோகும். அந்த மூன்று மாதமும், ஒருவன் காலர் மடங்கியிருந்தால் மற்றவன் கை தானாகப் போய்ச் சரிசெய்யும், காதோரத் துணியை இழுத்துவிடும். வாய் மட்டும் திறக்காது.

கேள்வி: புகைக்குள்ள கண்ணு தெரியுமா?

தெரியாது. நம் கையே தெரியாது. சூடு மேலே நிற்பதால் தவழ்ந்துதான் போவோம். சுவரை விட்டு விலகக் கூடாது, முன்னால் போகிறவன் பூட்ஸைத் தொட்டுக்கொண்டே பின்னால் வருகிறவன் வருவான். வழி தப்பினால் ஹோஸ்தான், அதாவது நாங்கள் இழுத்துப்போகிற தண்ணீர்க் குழாய்தான், திரும்பும் பாதை. அதன் இணைப்பைத் தடவி வெளிப்பக்கம் எது என்று கண்டுபிடிக்கப் பயிற்சி உண்டு.

வாசலில் ஒருவர் பலகையோடு நிற்பார். உள்ளே போன ஒவ்வொருவர் பெயர், நேரம், சிலிண்டர் அழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பாருக்கு ஏறக்குறைய 2000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 50 நிமிடம் வரும். ஹோஸை இழுத்துக்கொண்டு மாடி ஏறினால் அதில் பாதிகூடத் தாங்காமல் போகலாம். நான் அந்தப் பலகையோடு நின்ற நாட்கள்தான் எனக்கு அதிகம் வியர்த்த நாட்கள்.

கேள்வி: தினமும் தீ விபத்து இருக்குமா?

இல்லை. லிஃப்டில் மாட்டியவர்கள், சாலை விபத்து, மயங்கி விழுந்தவர்கள், பொய் அலாரம் எல்லாம் சேர்ந்தால் தீயைவிட அதிகம். விரலில் இறுகிய மோதிரத்தோடு நிலையத்துக்கே வருவார்கள். மோதிரத்துக்கடியில் நூல் நுனியை நுழைத்து, விரலில் நெருக்கமாகச் சுற்றி, அந்த நுனியைப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் நகர்ந்து வரும். வராவிட்டால்தான் வெட்டுவது.

கேள்வி: கரி படிந்த உடை பார்க்க கம்பீரமா இருக்கே, ஏன் இப்போ கழுவச் சொல்றாங்க?

எங்கள் காலத்தில் கருத்த ஹெல்மெட் என்றால் பெருமை. புதியவன் பளபளப்பான ஹெல்மெட்டோடு வந்தால் சிரிப்போம். அந்தக் கோட்டோடு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன், முட்டாள்தனம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கிற பிரிவு அது. தம்பி, ஸ்பாட்டிலேயே தண்ணீர் அடித்துக் கரியைக் கழுவு, உடையைத் தனியாக வை, நிலையத்துக்கு வந்ததும் குளி. யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: என் கணவர் இந்த வேலையில் இருக்கார். சில நாள் வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டார். நண்பர்களோட மட்டும் போன்ல சிரிக்கிறார். நான் என்ன செய்யட்டும் ஐயா?

அந்தச் சிரிப்பைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. வெளியாள் கேட்டால் முகம் சுளிக்கிற ஜோக்குகள் அவை. எங்களுக்கு அது மூடியைக் கொஞ்சம் திறந்து ஆவியை விடுவது மாதிரி.

ஒருமுறை ஒரு குழந்தையைத் தாமதமாகத்தான் எங்களால் எடுக்க முடிந்தது. நிலையத்துக்கு வந்ததும் எங்கள் அலுவலர் ஒன்றும் பேசவில்லை. சுத்தமாக இருந்த ஹோஸையும் சேர்த்து இறக்கச் சொன்னார். நாலு பேரும் விடியும்வரை தேய்த்தோம். நடுவில் ஒருவன் பேச ஆரம்பித்தான், பிறகு எல்லாரும் பேசினோம். வீட்டில் தேய்க்க ஹோஸ் இல்லையே, அதனால்தான் அவர் வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். நேருக்கு நேர் உட்காரவைத்து "என்ன ஆச்சு" என்று கேட்காமல், கூட ஏதாவது கைவேலை செய்துகொண்டே இருந்து பாருங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, குடி கூடுகிறது, சின்னதுக்கெல்லாம் கத்துகிறார் என்றால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நான் போனேன். ஆறு வருடம் முன்பே போயிருக்க வேண்டும்.

கேள்வி: ஓய்வுக்கு அப்புறம் பழக்கம் விட்டுப்போச்சா?

பேன்ட்டின் கால்களைச் சுருட்டி பூட்ஸ்மேல் இறக்கி வைத்துவிட்டுத்தான் நிலையத்தில் படுப்போம். எழுந்ததும் பூட்ஸுக்குள் காலை விட்டு பேன்ட்டை மேலே இழுத்தால் முடிந்தது. வீட்டிலும் கட்டில் பக்கத்தில் செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். இரவில் என் மனைவி அதில் இரண்டு தடவை தடுக்கி விழுந்துவிட்டாள்.