பயாப்ஸி ரிப்போர்ட் ஏன் இத்தனை நாள்?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. முன்கையில் மூன்றே வாரத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி வளர்ந்துவிட்டது. ஸ்கேனில் சந்தேகம் என்றதால் துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். ஆறு நாள் கழித்து 'கூடுதல் சோதனை தேவை' என்று மட்டும் ரிப்போர்ட் வந்திருக்கிறது. எதையாவது மறைக்கிறார்களா? கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவினர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள்.

பதில்: நான் லேபில் சதைத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற பேத்தாலஜிஸ்ட். அந்த வரியை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். மறைப்பதற்காக ஒரு தடவைகூட எழுதியதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட மனம் வராதபோது எழுதுகிற வரி அது.

முதலில் நாள் கணக்கு. துண்டு எங்களிடம் ஃபார்மலினில், அதாவது சதை அழுகாமல் காக்கும் திரவத்தில், மிதந்தபடி வந்து சேரும். அது உள்ளே வரை ஊற வேண்டும். அப்புறம் ஆல்கஹாலில் போட்டு நீரை எடுத்து, உருகிய மெழுகை ஏற்றிக் கட்டையாக்குவோம். அந்தக் கட்டையை நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். பதினைந்து, இருபது சீவலை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் கனம் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் அது ரிப்பன் மாதிரி மிதக்க, டெக்னீஷியன் ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டால் அலுங்காமல் ஏந்தி எடுப்பார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. சாயம் ஏற்றியதும் செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். எலும்பாக இருந்தால் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கவே இன்னும் சில நாள் போகும்.

இனி தம்பியின் கட்டி. எவ்வளவு பெரிது, எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை ஸ்கேன் நன்றாகவே சொல்லும். அது எந்த வகைச் செல் என்று சொல்ல பெரும்பாலும் சதைதான் வேண்டும். சதையும் சில சமயம் ஏமாற்றும். நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்று ஒன்று உண்டு. இளவயதினரின் முன்கையில் அடிக்கடி வருவது. சில வாரங்களில் விறுவிறுவென வளரும். ஸ்லைடில் செல்கள் பிரிந்து பெருகுகிற வேகத்தைப் பார்த்தால் சார்கோமா என்ற புற்றுநோய் என்றே தோன்றும். ஆனால் பரவாது, பல நேரம் தானே சுருங்கிவிடும். 1955-இல் இதை முதலில் விவரித்தவர்கள் பெயரிலேயே 'சார்கோமா போலி' என்கிற பொருளை வைத்தார்கள். அதில் யுஎஸ்பி6 என்ற மரபணு இடம் மாறியிருப்பது 2011-இல்தான் தெரியவந்தது. தம்பிக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை; ஸ்லைடைப் பார்க்காமல் சொல்லவும் மாட்டேன். இப்படி இரண்டு பக்கமும் இழுக்கிற கட்டிகள் இருப்பதால்தான், குறிப்பிட்ட புரதம் இருந்தால் பழுப்பாக நிறம் காட்டும் சோதனையையும் மரபணுச் சோதனையையும் கேட்கிறோம். அவசரப்பட்டு 'சார்கோமா' என்று எழுதினால், தேவையில்லாத பெரிய ஆபரேஷனில் போய் முடியலாம்.

கத்தி விஷயம். ஊசி போன வழியில் செல்கள் தங்குவது சில கட்டிகளில் நடக்கக்கூடியதுதான், ஆனால் அபூர்வம். அதனால்தான் சார்கோமா சந்தேகம் இருந்தால், பிறகு ஆபரேஷனில் சேர்த்தே வெட்டி எடுக்கிற மாதிரி கீறும் இடத்தைத் திட்டமிடுவார்கள். விதைப்பைக் கட்டியில் பொதுவாகத் துண்டு எடுக்காமல் முழுசாகவே எடுப்பார்கள். அந்த பயத்தில் பயாப்ஸியையே தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து.

கேள்வி: அம்மாவின் தொண்டைப் புண்ணில் எடுத்த துண்டில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்கிறார். ஏன்?

பதில்: 'துண்டில் இல்லை' என்றால் 'தொண்டையில் இல்லை' என்று ஆகிவிடாது. 1887-இல் ஜெர்மன் இளவரசர் ஃபிரெடரிக்கின் குரல்வளையிலிருந்து எடுத்த துண்டுகளை எங்கள் துறையின் பிதாமகர் ருடால்ஃப் விர்ஷோவே பார்த்தார். அவற்றில் புற்றுநோய் இல்லை என்றார். மறு வருடம் அரியணை ஏறிய ஃபிரெடரிக் 99 நாளில் குரல்வளைப் புற்றுநோயால் இறந்துபோனார். விர்ஷோவின் கையில் இருந்தது அந்தத் துண்டுகள் மட்டும்தான். புண்ணின் தோற்றத்துக்கும் ரிப்போர்ட்டுக்கும் ஒத்துப்போகாதபோது மறுபடி எடுக்கச் சொல்கிற டாக்டர் சரியாகத்தான் செய்கிறார்.

கேள்வி: கழுத்தில் நெறிகட்டியை எடுத்த பிறகு லேபுக்கு நாங்களே கொண்டுபோகச் சொல்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பாட்டிலில் இருப்பது ஃபார்மலின்தானா, கட்டியைப் போல் பத்து மடங்காவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு நெறிகட்டி ஃபார்மலினுக்குப் பதில் சலைனில், அதாவது உப்பு நீரில், மிதந்து, ஒரு இரவு தாண்டி என்னிடம் வந்தது. மூடியைத் திறந்ததும் வாசனையே சொல்லிவிட்டது. ஸ்லைடில் செல்லின் நிழல்தான் மிஞ்சியிருந்தது. அந்த நோயாளியிடம் எடுக்க இன்னொரு கட்டி இல்லை. பெயர்ச் சீட்டு மூடியில் இல்லாமல் பாட்டிலின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும், மூடி மாறிப்போகும். காசநோய் சந்தேகம் இருந்தால், ஃபார்மலினில் கிருமி செத்துவிடும் என்பதால், கிருமி வளர்ப்புச் சோதனைக்கு ஒரு துண்டைத் தனியாக வைத்தார்களா என்று ஆபரேஷன் அறையை விட்டுக் கிளம்புமுன் கேட்டுவிடுங்கள்.