விஸ்லரில் மழை என்றால் பனிச்சறுக்குப் பயணத்தை ரத்து செய்யலாமா?

சனிக்கிழமை கனடாவின் பனிச்சறுக்கு ஊரான விஸ்லரில் மழை என்று வானிலை அறிக்கை சொல்வதால், வான்கூவரிலிருந்து கிளம்பும் பயணத்தைக் கைவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். நீங்கள் பார்த்தது அடிவாரக் கிராமத்தின் நிலவரம். அது ஏறத்தாழ 675 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விஸ்லர் மலை உச்சியோ 2,180 மீட்டர். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தக் கடலோர மலைகளில் மோதி மேலேறும்போது குளிர்ந்துவிடும். அதனால் கீழே மழை, மேலே பனி என்பது இங்கே வாடிக்கை.

நீங்கள் பார்க்க வேண்டியது உறைநிலை உயரம், அதாவது காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் உயரம். அது 1,000 மீட்டருக்குக் கீழே என்றால் தாராளமாகக் கிளம்புங்கள். 2,500 என்றால் உச்சியிலும் மழைதான். வேறு நாள் பாருங்கள். பிள்ளைகளுக்கு இது முதல் தடவை என்றீர்கள். புதியவர்கள் பழகும் ஒலிம்பிக் ஸ்டேஷன் 1,000 மீட்டரை ஒட்டியே இருப்பதால், இடைப்பட்ட நாட்களில் அங்கே நனைய வாய்ப்பு அதிகம். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், ஈரத்தைக் குடித்துக்கொண்டு குழந்தைகளை நடுங்க வைத்துவிடும். நீர் புகாத பேன்ட், ஜாக்கெட் வாடகைக்குக் கிடைக்கும். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் காரில் குளிர்கால டயர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வான்கூவரிலிருந்து விஸ்லருக்குப் போகும் 99ஆம் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை அது சட்டம்.

அப்புறம், சறுக்க வராத உங்கள் அம்மாவை ஸ்குவாமிஷ் லில்வட் பண்பாட்டு மையத்துக்கு அழைத்துப் போங்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அந்த இரு மக்களும் சேர்ந்து 2008இல் திறந்தது. தேவதாரு மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களையும் கம்பளி நெசவையும் அவர் நிதானமாகப் பார்க்கலாம்.