லண்டனில் யூஎக்ஸ் கான்ட்ராக்ட்: நாளுக்கு 450 பவுண்ட் என்றதும் கையெழுத்துப் போடாதீர்கள்

தம்பி, லண்டனில் முதுகலை முடித்து கிராஜுவேட் விசாவில் இருக்கிறீர்கள். நாளுக்கு 450 பவுண்டில் யூஎக்ஸ், அதாவது இணையதளங்களையும் ஆப்களையும் பயன்படுத்த எளிதாக வடிவமைக்கும் வேலைக்கு, கான்ட்ராக்ட் வந்திருக்கிறது. சொந்தமாக லிமிடெட் கம்பெனி தொடங்கி அதன் வழியாகப் பணம் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில், வேலை ‘இன்சைடு ஐஆர்35’ஆ, அதாவது வரிக் கணக்கில் உங்களை ஊழியர் போலவே நடத்தும் வகையா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். 2017 ஏப்ரலில் அரசுத் துறையிலும், 2021 ஏப்ரலில் தனியாரின் பெரிய, நடுத்தர நிறுவனங்களிலும் அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவரிடம் போய்விட்டது. இன்சைடு என்றால் பெரும்பாலும் அம்ப்ரெல்லா கம்பெனி வழியாகத்தான் பணம் வரும்; உங்களைத் தன் ஊழியராக வைத்து, வரி பிடித்துச் சம்பளம் தரும் இடைநிறுவனம் அது. வாரத்துக்கு 2,250 பவுண்ட் என்று வையுங்கள். முதலாளி பங்கான 15 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகப் பாதுகாப்பு வரி), அப்ரன்டிஸ்ஷிப் லெவி (தொழிற்பயிற்சி வரி), அம்ப்ரெல்லாவின் கட்டணம் எல்லாம் அதிலேயே கழியும். 300 பவுண்டுக்கு மேல் போய் மிஞ்சுவதுதான் உங்கள் சம்பளம். விடுமுறைச் சம்பளமும் அதற்குள் அடக்கம், வருமான வரி அதன் பிறகு. ‘லிமிடெட் போடு, சம்பளத்துக்குப் பதில் டிவிடெண்ட் (லாபப் பங்கு) எடு’ என்று நம்மூர் அண்ணன்கள் இன்னும் சொல்வார்கள். நல்ல மனசோடு சொல்லும் பழைய கணக்கு அது. அதை நம்பி இறங்காதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் விசா. கிராஜுவேட் விசாவில் கான்ட்ராக்ட் செய்யலாம், தடையில்லை. ஆனால் அந்த விசா முடிந்தபின் தங்க, வேலை விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம், அதாவது ஸ்பான்சர் வேண்டும். அம்ப்ரெல்லா உங்களை ஸ்பான்சர் செய்யப் போவதில்லை. ஸ்கில்டு வொர்க்கர் என்ற அந்த வேலை விசா வழியில் செட்டில்மென்ட் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கேட்கும்போது கிராஜுவேட் விசாக் காலம் கணக்கில் சேராது. ஆகவே நிரந்தர வேலையை இப்போதே தேடுங்கள்.

தேடும்போது ‘யூஎக்ஸ்’ என்று மட்டும் தட்டாதீர்கள். அரசு வேலைகளில் இன்டராக்‌ஷன் டிசைனர், யூசர் ரிசர்ச்சர், கன்டென்ட் டிசைனர், சர்வீஸ் டிசைனர் என்று தனித்தனிப் பெயர்கள். எஸ்சி கிளியரன்ஸ் என்ற கடுமையான பாதுகாப்புச் சோதனையைக் கேட்டால் விட்டுவிடுங்கள். அதற்கு வழக்கமாக பிரிட்டனில் 5 வருட வசிப்பு வேண்டும். பிபிஎஸ்எஸ் என்ற அடிப்படைச் சோதனை மட்டும் என்றால் முடியும். இந்தியக் கம்பெனியின் ரிலீவிங் லெட்டரையும் போலீஸ் சான்றிதழையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். கடைசி நேரத்தில் இழுப்பது இவைதான்.

போர்ட்ஃபோலியோவில் நம் பிள்ளைகள் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைந்த பளபளக்கும் திரைகளை அடுக்குகிறார்கள். ஆராய்ச்சிக்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்பதே இங்கே கேள்வி. தூக்கி எறிந்த வடிவத்தையும் காட்டுங்கள். வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக் குறியீட்டின் சாம்பலில் எழுத்து வைத்தால் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 2.85தான், 4.5 வேண்டும். 767676 வரை கருக்கினால் தேறும். இதைக்கூடப் பார்க்காத போர்ட்ஃபோலியோ அரசு நேர்காணலில் நிற்காது. பிரிட்டிஷ் அரசின் இணையதளமான ஜிஓவி.யூகேயின் புரோட்டோடைப் கிட்டில் (மாதிரிப் பக்கங்கள் செய்யும் கருவி) கொஞ்சம் எச்டிஎம்எல் எழுதிப் பழகுங்கள்.

இந்த ஊரின் படிவ வடிவமைப்பை நான் மனதார மதிக்கிறேன். 2012 அக்டோபரில் ஜிஓவி.யூகே வந்தது. அதை உருவாக்கிய அரசுக் குழு லண்டன் ஹோல்போர்ன் பகுதியின் ஏவியேஷன் ஹவுஸ் கட்டடத்தில் இருந்த காலத்தில், அரசுப் படிவத்தை எளிய வார்த்தையில் எழுதலாம் என்பதே பெரிய செய்தி. தேதிக்கு நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டி. பெயருக்கு முடிந்தவரை ஒரே பெட்டி. இனிஷியலோடு பிறந்த நமக்கு அந்த ஒற்றைப் பெட்டியின் அருமை தெரியும். ‘லாஸ்ட் நேம் கட்டாயம்’ என்று அடம்பிடிக்கும் வங்கிப் படிவங்களை இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

பொழுதுபோக்கை ரெஸ்யூமேயில் ஒரே வரியில் எழுதுங்கள். பேட்மிண்டனோ பறையோ, உண்மையாகச் செய்வதை எழுதுங்கள். நேரம் இருந்தால் உள்ளூர் நூலகத்தில் முதியவர்களுக்கு டேப்லெட் சொல்லித்தரும் தன்னார்வ வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். விரல் எங்கே தடுமாறுகிறது, எந்தப் பட்டனைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம்.