அண்டா கணக்கும் பழைய புரோகிராமும்

கேள்வி: பாத்திர வாடகைக் கடை நடத்துகிறோம். எந்த முகூர்த்தத்துக்கு எத்தனை அண்டா, எத்தனை ஜமுக்காளம் போனது, எது திரும்பவில்லை என்ற கணக்கெல்லாம் 2010-ல் அக்கா மகன் எழுதிக்கொடுத்த பிஎச்பி புரோகிராமில் இருக்கிறது. பிஎச்பி 5.6-ஐ நிறுத்தப்போவதாக ஹோஸ்டிங் நிறுவனம் சொல்லிவிட்டது. புதிதாக எழுத ஒருவர் இரண்டரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். ஈயம் போனால் பூசிக்கொள்வீர்கள், அண்டாவையா தூக்கிப் போடுவீர்கள்?

ஹோஸ்டிங்காரர் மேல் கோபப்படாதீர்கள். பிஎச்பி 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2018 கடைசியோடு நின்றுபோனது. 8.4-க்கு மாறினால் 2028 முடியும்வரை கவலை இல்லை.

மாற்றும்போது முதலில் உடைவது டேட்டாபேஸோடு பேசும் பழைய கட்டளைகள். 2015-ல் வந்த பிஎச்பி 7-லேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸோடு பேச வந்த மைஎஸ்க்யூஎல்ஐ கட்டளைகள் பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இணைப்பை மட்டும் முதலில் கொடுக்க வேண்டும். பொறுமையான ஒரு புரோகிராமர் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மாற்றிவிடுவார். கடவுச்சொல்லை எம்டி5 என்ற, எளிதில் உடைக்கக்கூடிய பழைய மறைப்பு முறையில் வைத்திருந்தால் அதையும் கையோடு மாற்றச் சொல்லுங்கள்.

நான் பயப்படுவது தமிழுக்குத்தான். அந்தக் கால மைஎஸ்க்யூஎல், நாம் வேறு சொல்லாவிட்டால், டேபிளை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியீட்டு முறை) என்றே வைத்துக்கொள்ளும். அதற்குள் யூனிகோட் தமிழைத் திணித்திருப்போம். போட்ட வழியிலேயே எடுத்ததால் சரியாகத் தெரிந்தது. மைஎஸ்க்யூஎல் 8 எல்லாவற்றையும் யூடிஎஃப்8எம்பி4 (எல்லா மொழிக்குமான யூனிகோட் முறை) என்று எடுத்துக்கொண்டு, லத்தீனைத் தானே 'மொழிபெயர்த்து' கொடுக்கும். 'அ' ஒரு எழுத்து, மூன்று பைட். அது மூன்று கிறுக்கலாக வந்து நிற்கும். ஓர் உறவினரின் அச்சகக் கணக்கை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி, பழையதை அழித்துவிட்டு, காலையில் வாடிக்கையாளர் பெயர் ஒன்றைக்கூடப் படிக்க முடியாமல் விழித்தவன் நான். பேக்கப்பையும் தப்பான வழியில் எடுத்திருந்தேன். எனவே பேக்கப்பை லத்தீன்1 என்று சொல்லியே எடுங்கள். அந்த ஃபைலுக்குள் லத்தீன்1 என்று இருக்கும் இடங்களை யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி, புது டேட்டாபேஸில் ஏற்றுங்கள். ஏற்றியதும் 'ஜமுக்காளம்' சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எண்ணிக்கையைப் பிறகு சரிபார்க்கலாம்.

ஹோஸ்டிங்குக்கு, கடையில் மூன்று நான்கு பேர் பார்க்கும் கணக்குக்கு, ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கே தாராளம். தனி சர்வர் எடுத்தால் அதைப் பராமரிக்க இன்னொரு ஆள் தேட வேண்டிவரும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காதீர்கள். புதுப்பிக்கும்போது என்ன விலை என்று கேளுங்கள். தளத்துக்குப் போய்வரும் தகவலை மறைத்து அனுப்ப உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டால் வேறு இடம் பாருங்கள், லெட்ஸ் என்க்ரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. அப்புறம், டொமைன் (தளத்தின் இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறது? அக்கா மகன் பெயரில் என்றால் இன்றைக்கே போன் போடுங்கள்.

ஹோஸ்டிங்காரர் கொடுத்திருக்கும் கெடு அனுமதித்தால், இந்த வேலையை மார்கழியில் வையுங்கள். முகூர்த்தம் இல்லை, அண்டாக்கள் எல்லாம் கடையிலேயே இருக்கும். புதியது ஓடத் தொடங்கிய பிறகும் தை முகூர்த்தங்கள் முடியும்வரை பழைய பேக்கப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக் கல்லாவில் வைத்திருங்கள்.