அனுமதி வந்துவிட்டது, நிலுவைப் பணம் எங்கே?

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, அனுமதியும் பெற்று, பழைய மாதங்களுக்கான பணத்துக்காகக் காத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எஸ்.எஸ்.டி.ஐ. என்பது முன்பு வேலை செய்து சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியவர்களுக்கான உதவித்தொகை. எஸ்.எஸ்.ஐ. என்பது வருமானமும் சொத்தும் குறைவாக உள்ளவர்களுக்கான உதவித்தொகை.

கேள்வி: என் கணவருக்கு எஸ்.எஸ்.டி.ஐ. கேட்டு 2024 மார்ச்சில் விண்ணப்பித்தோம். 2023 ஜனவரி 10 முதல் அவரால் வேலை செய்ய முடியவில்லை என்று நீதிபதி ஏற்றுக்கொண்டு, 2025 நவம்பரில் முழுச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நிலுவை எவ்வளவு வரும்? ஏன் இன்னும் வரவில்லை? (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: நீதிபதியின் தீர்ப்பு உடல்நிலையைப் பற்றியது மட்டுமே. பணக் கணக்கைப் போடுவது வேறொரு பிரிவு. அங்கிருந்து வரும் 'அவார்ட் லெட்டர்'தான் தொகையைச் சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வேலை செய்ய முடியாமல் போன தேதிக்குப் பிறகு வரும் ஐந்து முழு மாதங்களுக்குப் பணம் கிடையாது. உங்கள் கணவருக்கு ஜனவரி முழு மாதமாக இல்லாததால் அது கணக்கில் வராது. பிப்ரவரி முதல் ஜூன் வரை ஐந்து மாதங்கள் கழியும். பணம் கிடைக்கும் முதல் மாதம் ஜூலை 2023. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய 12 மாதங்களுக்கு மேல் பின்னால் போக முடியாது என்ற வரம்பும் உண்டு. உங்களுக்கு அது 2023 மார்ச் என்பதால் பாதிப்பில்லை. 2025 அக்டோபர் வரை 28 மாதங்கள். மாதத் தொகை 1,500 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு உயர்வைச் சேர்க்காமலே 42,000 டாலர். எஸ்.எஸ்.டி.ஐ. நிலுவை பொதுவாக ஒரே தொகையாக வங்கிக்கு வந்துவிடும்.

தாமதத்துக்கு வழக்கமான காரணங்கள்: பழைய வங்கிக் கணக்கு எண், வேலையிடக் காயத்துக்கான இழப்பீடு பற்றிய தாள் இல்லாதது, வழக்கறிஞரின் கட்டண ஒப்பந்தம் கோப்பில் சேராதது. இழப்பீடு வாங்கியிருந்தால் அந்தத் தீர்வுத் தாளைக் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் தனி நிலுவை உண்டு. ஆனால் அவர்கள் பெயரில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: எனக்கு எஸ்.எஸ்.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. இரண்டுக்கும் அனுமதி. மாதப் பணம் வர ஆரம்பித்துவிட்டது. நிலுவை மட்டும் வரவில்லை. போனில் கேட்டால் 'ப்ராசஸ் ஆகிறது' என்கிறார்கள். (வாசகர், டெக்சாஸ்)

பதில்: இரண்டும் சேர்ந்த கோப்புகளில் பெரும்பாலும் சிக்கும் இடம் இதுதான். எஸ்.எஸ்.டி.ஐ. உங்களுக்கு அந்தந்த மாதமே வந்திருந்தால் எஸ்.எஸ்.ஐ. அந்த மாதங்களில் குறைந்திருக்கும், அல்லது வந்தே இருக்காது. ஒரே மாதத்துக்கு இரண்டையும் முழுதாகத் தரமாட்டார்கள். அதனால் எஸ்.எஸ்.ஐ. கணக்கு முடியும்வரை எஸ்.எஸ்.டி.ஐ. நிலுவையைப் பிடித்துவைக்கிறார்கள்.

அந்தக் கணக்கைப் போட வேண்டியது உங்கள் உள்ளூர் அலுவலகம். விண்ணப்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் யாரோடு இருந்தீர்கள், வாடகை யார் கொடுத்தார்கள், வங்கியில் எவ்வளவு இருந்தது என்று கேட்பார்கள். வங்கி அறிக்கைகள், வாடகை ரசீது, மகன் வீட்டில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றை மாத வாரியாக அடுக்கிவையுங்கள். இந்த நேர்காணலுக்கான கடிதம் பழைய முகவரிக்குப் போயிருந்தால் எல்லாமே நின்றுவிடும். மனைவியின் சம்பளத்தால் உங்களுக்கு எஸ்.எஸ்.ஐ. கிடைக்காது என்றாலும், 'கிடைக்காது' என்பதை அவர்கள் முறைப்படி பதிவு செய்தால்தான் எஸ்.எஸ்.டி.ஐ. நிலுவை விடுபடும்.

ஆகவே 'பணம் எப்போது வரும்' என்று கேட்காதீர்கள். '1-800-772-1213' எண்ணில், அல்லது நேரில், இப்படிக் கேளுங்கள்: 'என் எஸ்.எஸ்.டி.ஐ. நிலுவை, எஸ்.எஸ்.ஐ. கணக்குக்காகப் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறதா? உள்ளூர் அலுவலகம் அந்தக் கணக்கை முடித்துவிட்டதா? என்னிடமிருந்து எந்தத் தாள் பாக்கி?' தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேட்கலாம், கட்டணம் கிடையாது. பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துவையுங்கள்.

எஸ்.எஸ்.ஐ. நிலுவை பெரிதாக இருந்தால் ஆறு மாத இடைவெளியில் மூன்று தவணையாக வரும். முதல் இரண்டு தவணைகளுக்கு மாத உச்சத் தொகையின் மூன்று மடங்குதான் வரம்பு. 2026இல் தனிநபருக்குக் கூட்டரசுத் தொகை 994 டாலர். ஆக ஒரு தவணைக்கு 2,982 டாலர், மாநிலம் கூடுதலாகத் தந்தால் அதற்கேற்ப உயரும். வாடகை, உணவு, மருத்துவக் கடன் இருந்தால் பில்களைக் காட்டி முதல் தவணையைக் கூட்டித் தரச் சொல்லலாம். இதைக் கேட்டால்தான் செய்வார்கள். வந்த பணத்தை ஒன்பது மாதத்துக்குள் செலவழிக்காவிட்டால் 2,000 டாலர் சொத்து வரம்பில் அது சேர்ந்துவிடும். ஊருக்குப் போவதாக இருந்தாலும் கவனம்: தொடர்ந்து 30 நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் எஸ்.எஸ்.ஐ. நின்றுவிடும்.

கேள்வி: கடிதத்தில் உள்ள தொகையைவிடக் கணிசமாகக் குறைந்து வந்திருக்கிறது. மீதி எங்கே? வரி வேறு கட்ட வேண்டுமா? (வாசகர், கலிஃபோர்னியா)

பதில்: வழக்கறிஞர் வைத்திருந்தால் நிலுவையில் 25 சதவீதம் அல்லது 9,200 டாலர், இவற்றில் எது குறைவோ அது அவருக்கு நேராகப் போகும். 42,000 டாலருக்குக் கால் பங்கு 10,500. ஆனால் அவருக்கு 9,200 மட்டுமே, உங்களுக்கு 32,800. இந்த வரம்பு வழக்கமான கட்டண ஒப்பந்தத்துக்கு. கட்டணம் இன்னும் முடிவாகவில்லை என்றால் 25 சதவீதத்தைப் பிடித்துவைத்து, பிறகு மீதியைத் தருவார்கள். மருத்துவ ஆவணங்கள் வாங்கிய செலவை அவர் தனியாகக் கேட்கலாம். வேலை செய்ய முடியாததற்காகத் தனியார் நீண்டகால இன்சூரன்ஸ் பணம் வாங்கியிருந்தால், அந்த நிறுவனம் தன் பங்கைத் திருப்பிக் கேட்கும் வாய்ப்பு அதிகம். பாலிசியைப் பார்க்காமல் செலவழிக்காதீர்கள்.

எஸ்.எஸ்.ஐ.க்கு வரி இல்லை. எஸ்.எஸ்.டி.ஐ. நிலுவை முழுதும், வழக்கறிஞர் பங்கு உட்பட, ஜனவரியில் வரும் எஸ்.எஸ்.ஏ.-1099 படிவத்தில் ஒரே ஆண்டு வருமானம் போலத் தெரியும். எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிடும் வழியை வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தருகிறது, 915ஆம் எண் வெளியீட்டில் அதற்கான தாள் இருக்கிறது. வரி தாக்கல் செய்பவரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. விரைவுபடுத்த வழி உண்டா? (வாசகி, இல்லினாய்)

பதில்: உண்டு. அந்த நோட்டீஸின் நகலோடு, அவசர நிலை என்று எழுதி உள்ளூர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அதே நாளில் உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரின் அலுவலகத்தை அழையுங்கள். ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்திட்டால் உங்கள் சார்பில் அவர்கள் விசாரிப்பார்கள். நிலுவையை விடுவிக்கக் கட்டணம் கட்டச் சொல்லி யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அப்படிக் கேட்பதே இல்லை.