முக்திநாத் யாத்திரை: மே மாதமா, ஐப்பசியா?

கேள்வி: பெற்றோர் இருவரும் 65 வயதைத் தாண்டியவர்கள். காத்மாண்டு, போக்ரா, முக்திநாத் அழைத்துப்போக ஆசை. பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. அப்போது மழை இருக்குமா?

பதில்: மே முதல் வாரம் என்றால் போகலாம். தள்ளிப்போகப் போக மழை கூடும். நேபாளத்தில் பருவமழை ஜூன் நடுவில்தான் தொடங்குகிறது. மே மாதத்தில் பெய்வது கோடை இடிமழை. காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் இடி இடிக்கும், சில நாள் ஆலங்கட்டியும் விழும். காட்டுத்தீப் புகை சேர்ந்துகொண்டால் போக்ராவிலிருந்து பனிமலையே தெரியாது.

முக்திநாத் கதை வேறு. அன்னபூர்ணாவும் தௌலகிரியும் மேகத்தை மறித்துக்கொள்வதால், போக்ராவில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் கொட்டும் மழை, மலைக்கு அந்தப்புறம், முக்திநாத் போகும் வழியில் உள்ள ஜோம்சோமில் 300 மி.மீ.கூடத் தேறாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே போகவேண்டாம் என்பது கோயிலில் பெய்யும் மழைக்காக அல்ல. போக்ரா பக்கத்திலிருந்து மேலே ஏறும் பெனி–ஜோம்சோம் சாலையின் மண்சரிவுக்காக.

விமானத்துக்கு எதிரி காற்று. ஜோம்சோம் இருக்கும் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே பலத்த காற்று கிளம்பிவிடும். அதனால் போக்ரா–ஜோம்சோம் சிறு விமானங்கள் காலையில் மட்டும்தான். அன்று ரத்தானால் மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் 2 நாள் உபரியாக வையுங்கள்.

பெரியவர்களுக்கு மழையைவிட உயரம்தான் சோதனை. போக்ரா சுமார் 820 மீட்டர், முக்திநாத் 3,700க்கு மேல். ஒரே நாளில் ஏறி இறங்கும் பயணத்திட்டத்தைத் தவிர்த்து, 2,700 மீட்டரில் உள்ள ஜோம்சோமில் ஓர் இரவாவது தங்குங்கள். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் மேலே ஏறாதீர்கள், உடனே இறங்குங்கள். இதய, நுரையீரல் தொந்தரவு இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். உயரத்தால் மட்டும் முக்திநாத்தில் போக்ராவைவிட 18 டிகிரி அளவுக்குக் குளிரும். பக்தர்கள் நீராடும் கோயிலின் 108 நீர்த்தாரைகளிலும் கொட்டுவது பனிக்கட்டி உருகிய தண்ணீர். பெரியவர்கள் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும்.

விடுமுறை ஒரு பொருட்டில்லை என்றால் ஐப்பசிதான். நம் ஊரில் அடைமழை கொட்டும் அந்த மாதத்தில் அங்கே வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். நம் நவராத்திரியை ஒட்டி வரும் தசைன் பண்டிகை நாட்களில் மட்டும் பேருந்தில் இடம் கிடைப்பது கஷ்டம். வங்கக்கடலில் புயல் உருவானாலும் கவனம் தேவை: 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட்டின் மிச்சம்தான், இரண்டே நாளில் முக்திநாத்துக்கு மேலுள்ள தோரங் கணவாயில் பனியாகக் கொட்டியது. அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப் புயல் செய்தி வந்தால் போக்ராவிலேயே இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு மேலே போங்கள்.